மூன்று சுற்றுப்போட்டி வென்ற தம்பி: திறமையா, அதிர்ஷ்டமா என்று எப்படிப் பார்ப்பது?

உப்புவெளியிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். தம்பிக்கு 27 வயது, சீனன்குடாப் பக்கம் ஒரு கம்பனியில் கணக்குப் பிரிவில் வேலை. ஒரு வருடமாக இரவில் ஒன்லைனில் போக்கர் என்ற கடதாசி (சீட்டு) ஆட்டம் ஆடுகிறார். கடந்த ஆறு வாரத்தில் 90 பேர் ஆடும் சுற்றுப்போட்டிகளில் மூன்று முறை முதலிடம் வந்துவிட்டார். நுழைவுக் கட்டணம் ஐந்தரை டொலர், முதல் பரிசு 120 டொலர் அளவில். மூன்றும் சேர்த்து ரூபாயில் ஒரு இலட்சத்துக்குச் சற்று மேல். இப்போது வேலையை விட்டுவிட்டு இதையே முழுநேரமாகச் செய்யப் போகிறேன் என்கிறாராம். “இது திறமையா, அதிர்ஷ்டமா? எத்தனை நாளைக்கு நிற்கும்?” என்பது அவருடைய கேள்வி.

சகோதரி, உங்கள் தம்பி வென்றது நிஜம் என்பதை முதலில் ஒத்துக்கொள்ளுங்கள். 90 பேர் உட்கார்ந்த ஆட்டத்தில் கடைசி ஆளாக மிஞ்சுவது லேசான காரியம் இல்லை. அந்த இரவு நித்திரை வராது, கை நடுங்கும். நான் திருகோணமலையில் 26 வருடம் கணிதம் படிப்பித்தவன். 2006 முதல் 2013 வரை இதே மாதிரியான சுற்றுப்போட்டிகளை நானும் ஆடியிருக்கிறேன். அதனால் வீட்டில் இருப்பவர்களின் பயமும் எனக்குத் தெரியும், ஆடுகிறவனின் சந்தோசமும் தெரியும்.

ஆனால் உங்கள் கேள்வியில் மிக முக்கியமான ஒரு எண் இல்லை. மூன்று முறை வென்றார் என்கிறீர்கள். எத்தனை ஆடி மூன்று?

இதை ஒரு கணக்காகவே போட்டுப் பார்ப்போம். 90 பேரில் ஒருவருக்கும் மற்றவரைவிடத் திறமை கூடக் குறைய இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவருக்கும் முதலிடம் வரும் வாய்ப்பு 90-ல் ஒன்று. அப்படிப்பட்ட சாதாரண ஆள் 50 போட்டி ஆடினால், அதில் மூன்றோ அதற்கு மேலோ வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 2. சரி, 50 ஆடி மூன்று வென்றிருந்தால் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். 100 போட்டி ஆடினால் அது நூற்றுக்கு 10 ஆகிறது. 200 ஆடினால் நூற்றுக்கு 38. அதாவது எந்தத் தனித் திறமையும் இல்லாத பத்துப் பேர் ஆளுக்கு 200 போட்டி ஆடினால், அவர்களில் நாலு பேர் அளவில் உங்கள் தம்பியைப் போலவே மூன்று வெற்றியோடு வீட்டுக்கு வருவார்கள். நாலு பேரும் வேலையை விடலாமா என்று யோசிப்பார்கள்.

ஆறு வாரத்தில் 200 போட்டி முடியுமா என்று கேட்பீர்கள். தாராளமாக முடியும். திரையில் நாலைந்து மேசையை ஒரே நேரத்தில் திறந்து வைத்து ஆடுவதுதான் இப்போதைய வழக்கம். ஒரு இரவுக்கு ஐந்து போட்டி என்றால் ஆறு வாரத்தில் 210.

அப்படி 200 ஆடியிருந்தால் கட்டணம் மட்டும் 1,100 டொலர். மூன்று முதல் பரிசும் சேர்த்து 360. மிச்ச 740 டொலரும் இரண்டாம் இடம், ஆறாம் இடம், பன்னிரண்டாம் இடம் என்று சின்னச் சின்னப் பரிசுகளாகத் திரும்பி வந்திருக்க வேண்டும். வராவிட்டால் மூன்று முறை முதலிடம் வந்தும் நட்டம்தான். வென்ற பணம் வீட்டில் எல்லோருக்கும் தெரிய வருகிறது. தினமும் ஐந்தரை ஐந்தரையாகப் போன பணம் ஆடுகிறவனுக்கே தெரிவதில்லை. அவர் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறவர்தானே, வரவு செலவு இரண்டையும் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்த ஐந்தரை டொலரில் அரை டொலர் பரிசுத் தொகைக்குள் போகவே போகாது, தளத்துக்காரனின் கூலி அது. மேசையில் இருக்கும் எல்லோரும் சமமானவர்கள் என்றால், எல்லோருமே போட்டிக்கு அரை டொலர் தோற்றுக்கொண்டு இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அப்போ இது முழுக்க அதிர்ஷ்டமா? இல்லை. போக்கரில் திறமை உண்டு, நிச்சயமாக உண்டு. ஆனால் அது மெலிசானது, மெதுவாகத்தான் தெரியும். 90-க்கு ஒன்று என்ற வாய்ப்பை ஒருவர் தன் ஆட்டத்தால் 65-க்கு ஒன்று ஆக்கினாலே அவர் நல்ல ஆட்டக்காரர். அவர் 200 போட்டி ஆடினால் சராசரியாக மூன்று முறை வெல்வார். சாதாரண ஆள் இரண்டு முறை வெல்வான். வித்தியாசம் ஒன்று! அதே நல்ல ஆட்டக்காரர் தொடர்ந்து 100 போட்டி ஆடி ஒரு முதலிடம்கூட இல்லாமல் இருக்கும் வாய்ப்பு ஐந்தில் ஒன்று. திறமை இருக்கிறவனும் மாதக்கணக்கில் வறண்டு கிடப்பான், இல்லாதவனும் ஒரு மாதம் ராசாவாக இருப்பான். ஆறு வாரத்து வெற்றியை வைத்து இருவரையும் பிரிக்க முடியாது.

நம்முடைய ஊரில் 304 என்ற கடதாசி ஆட்டம் ஆடி வளர்ந்தவர்களுக்கு இதை ஏற்றுக்கொள்வது கஷ்டம். வாடைக்காற்று அடித்துக் கடல் கொந்தளிக்கிற மாதங்களில் திருக்கடலூர்ப் பக்கம் கடதாசிக் கூட்டம் விடிய விடிய நடக்கும். அங்கே யார் நல்ல ஆட்டக்காரர் என்பது ஒரு இரவிலேயே தெரிந்துவிடும். காரணம் இருக்கிறது. 304-ல் 32 கடதாசி, நாலு பேர், ஆளுக்கு எட்டு. எல்லாமே ஆட்டத்துக்குள் வந்துவிடும். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, கிங்குக்கு 3, குயினுக்கு 2. ஒரு இனத்துக்கு 76, நாலு இனத்துக்கும் சேர்த்து 304. விழுந்த கடதாசியை எண்ணிக்கொண்டே வருகிறவனுக்குக் கடைசி மூன்று கையில் யாரிடம் என்ன இருக்கிறது என்று தெரியும். துரும்பு எது என்று மூடி வைத்தாலும் ஆடுகிற விதத்திலிருந்து பிடித்துவிடுவான்.

போக்கர் அப்படி இல்லை. இன்று ஒன்லைனில் பெரும்பாலும் ஆடப்படும் ஹோல்டெம் ஆட்டத்தில் 52 கடதாசி. உங்களுக்கு இரண்டு, மூடியபடி. மேசை நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து, முதலில் மூன்று, பிறகு ஒன்று, பிறகு ஒன்று. ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம். எல்லாம் திறந்து முடிந்த பிறகும் உங்கள் கண்ணுக்குத் தெரிந்தது ஏழு, தெரியாதது 45. அதற்கு மேல் சுற்றுப்போட்டியில் கட்டாயப் பந்தயம் சில நிமிடங்களுக்கு ஒரு தடவை ஏறிக்கொண்டே போகும். பொறுமையாக நல்ல கடதாசிக்குக் காத்திருந்தால் கையிலுள்ள பந்தய வில்லைகள், அதாவது சிப்ஸ், கரைந்துவிடும். கடதாசி ஒரு தடவை பகிர்ந்து ஆடி முடிப்பது ஒரு கை. இரண்டு ஏஸ் வருவது 221 கைக்கு ஒரு முறைதான். அதனால் யாராக இருந்தாலும் ஒரு கட்டத்தில் எல்லாச் சிப்ஸையும் நடுவில் தள்ளி ‘ஓல்-இன்’ போக வேண்டி வரும்.

அங்கேதான் அதிர்ஷ்டம் வேலை செய்கிறது. இரண்டு ஏஸை வைத்துக்கொண்டு இரண்டு கிங்குக்கு எதிராகப் போனாலும் வெல்லும் வாய்ப்பு 82 வீதம், 100 இல்லை. ஐந்தில் நாலு வாய்ப்பு உள்ள நிலையில் ஐந்து தடவை ஓல்-இன் போனால், ஐந்திலும் பிழைப்பது மூன்றில் ஒரு தடவைதான். ஒரு போட்டியை வெல்ல வேண்டும் என்றால் அப்படிப் பல தடவை பிழைக்க வேண்டும், அவற்றில் பாதி, பாதிக்குப் பாதி வாய்ப்புள்ளவையாக இருக்கும்.

சில வருடங்களுக்கு முன் என்னிடம் படித்த பையன் ஒருவன், உங்கள் தம்பி மாதிரியே, இரண்டு போட்டி வென்றுவிட்டு என்னைத் தேடி வந்தான். உவர்மலையில் எங்கள் வீட்டு விறாந்தையில் லாப்டொப்பை விரித்து வைத்துக்கொண்டு, “சேர், இதைப் பாருங்கோ” என்றான். 180 பேர் ஆடிய போட்டி, முதலிடம். ஒவ்வொரு கையும் பதிவாகியிருந்தது. தளங்கள் அந்தப் பதிவைக் கொடுக்கும், ஆடுகிறவர் எடுத்துப் பார்க்கலாம்.

அவன் பெருமையோடு காட்டிய கை ஒன்று. அவனிடம் இரண்டு ஐந்து, அதாவது ஐந்து ஜோடி. மற்றவனிடம் ஜாக் ஜோடி. இருவரும் ஓல்-இன். நடுவில் நாலு கடதாசி விழுந்தும் ஒன்றும் மாறவில்லை. கடைசிக் கடதாசி ஐந்து! மூன்று ஐந்து ஆகி அவன் வென்றான். “நான் நினைச்சனான் சேர், ஐந்து வரும் எண்டு மனசு சொல்லிச்சு” என்றான். அந்தக் கையை எத்தனையோ தடவை திரும்பத் திரும்பப் பார்த்திருப்பான் போல, பதிவு எந்த வரியில் இருக்கிறது என்றுகூடத் தேடவில்லை.

நான் கேட்டேன்: “ஓல்-இன் போகும்போது உன்னிடம் எவ்வளவு சிப்ஸ் இருந்தது?” அவனுக்கு ஞாபகம் இல்லை. பதிவில் பார்த்தோம். 25 பிக் பிளைண்ட் (பெரிய கட்டாயப் பந்தயத்தின் 25 மடங்கு), அதாவது அவசரமே இல்லாத நிலை. அவனுக்கு முன்னால் ஒருவர் பந்தயத்தை ஏற்றியிருக்கிறார். அடுத்தவர் அதன் மேல் இன்னும் ஏற்றியிருக்கிறார். இரண்டு பேர் பலமாக இருக்கிறேன் என்று சொல்லிவிட்ட இடத்தில் இவன் ஐந்து ஜோடியோடு முழுவதையும் தள்ளியிருக்கிறான். ஐந்தில் ஒரு வாய்ப்பு, அது வந்துவிட்டது.

இன்னும் பதினைந்து நிமிட ஆட்டத்தைத் தள்ளிப் பார்த்தால் இன்னொரு கை. இது அவனுக்கு அவ்வளவு ஞாபகம் இல்லை. அவனிடம் ஏஸும் எட்டும். சிப்ஸ் ஆறு பிக் பிளைண்ட் மட்டும். அவனுக்கு முன்னால் எல்லோரும் விட்டுவிட்டார்கள், பின்னால் இரண்டு பேர்தான் மிச்சம். ஓல்-இன் போனான். ஏஸும் குயினும் வைத்திருந்தவர் எதிர்த்தார். நாலில் ஒன்று வாய்ப்பு அளவில் பின்தங்கி இருந்தும் எட்டு விழுந்து தப்பினான்.

இரண்டிலும் அவன் பின்தங்கியே இருந்தான், இரண்டிலும் தப்பினான். இரண்டும் ஒரே போட்டியில் நடப்பது இருபதில் ஒரு தடவை. ஆனால் முதல் கை பிழை, இரண்டாவது கை சரி. ஆறு பிளைண்ட் வைத்துக்கொண்டு ஏஸ்-எட்டை விட்டிருந்தால் அதுதான் பிழையாக இருந்திருக்கும். எதிராளிக்கு ஏஸ்-குயின் கிடைத்தது அவன் கையில் இல்லாத விசயம். அவனோ முதலாவதைத் திறமை என்றும் இரண்டாவதை அதிர்ஷ்டம் என்றும் மனதில் பதித்து வைத்திருந்தான். விழுந்த கடதாசி ஞாபகம் இருந்தது, எடுத்த முடிவு ஞாபகம் இல்லை.

அப்புறம் நான் சொன்னேன்: “வென்ற போட்டியை மூடு. தோற்றுப்போன கடைசி இருபதை எடு. ஒவ்வொன்றிலும் நீ வெளியேறிய கையை மட்டும் பார்ப்போம்.” முகம் மாறிவிட்டது. “அதெல்லாம் சும்மா, கடதாசி வரேல்லை சேர்” என்றான். எடுத்துப் பார்த்தோம். இருபதில் ஏழு சரியான முடிவுகள், கடதாசிதான் கைகொடுக்கவில்லை. இரண்டை எப்படியும் வாதிக்கலாம். மிச்சம் பதினொன்று, கையில் 20, 30 பிளைண்ட் இருக்கும்போதே, மற்றவன் பொய் சொல்கிறான் என்ற ஒரே நம்பிக்கையில் எதிர்த்துப் போய் வெளியேறியவை. அதில் ஆறு இரவு இரண்டு மணிக்குப் பிறகு.

சகோதரி, உங்கள் தம்பிக்கு நான் சொல்ல விரும்புவது இது ஒன்றுதான். வெற்றி வரிசையைப் பார்த்து ஆட்டக்காரனை அளக்க முடியாது. அவன் எப்படி வெளியேறினான் என்பதைப் பார்த்து அளக்கலாம். 200 போட்டி ஆடினால் வெற்றி மூன்றோ நாலோதான் கிடைக்கும், வெளியேறிய கைகள் 196 இருக்கும். படிப்பதற்கு எல்லாம் அங்கேதான் இருக்கிறது. முடிவுகள் சரியா என்று பார்க்க 196 எண்ணிக்கை போதும், வெற்றிகளை வைத்துச் சொல்வதற்கு ஆயிரக்கணக்கில் போட்டி வேண்டும்.

இவ்வளவும் படிப்பித்துவிட்டு என் கதையையும் சொல்லாமல் விடக்கூடாது. 2009 கார்த்திகை, மார்கழி மழைக்காலம், பாடசாலை விடுமுறை. ஒன்பது நாளுக்குள் இரண்டு முதலிடம். நிகழ்தகவு படிப்பிக்கிற நானே ஐந்து டொலர் ஆட்டத்திலிருந்து இருபது டொலர் ஆட்டத்துக்கு ஏறினேன். பங்குனி முடிவதற்குள் வென்றது எல்லாம் போய், மேலே 600 டொலரும் போயிற்று. கணக்குத் தெரியாமல் இல்லை. வெற்றி வந்ததும் அந்தக் கணக்கு மற்றவர்களுக்குத்தான் பொருந்தும் என்று தோன்றிவிடுகிறது. உங்கள் தம்பிக்கும் இப்போது அப்படித்தான் இருக்கும். அதைக் குற்றமாக எடுக்காதீர்கள்.

ஆடுகிற பிள்ளைகள் எல்லோரும் ஒரு பெயர் சொல்வார்கள், கிறிஸ் மணிமேக்கர். அமெரிக்காவின் டெனசி மாநிலத்துக்காரர், உங்கள் தம்பி மாதிரியே கணக்கு வேலை. ஒன்லைனில் 86 டொலர் தகுதிப் போட்டி ஒன்றை வென்று, 2003-ல் லாஸ் வேகாஸில் நடந்த உலகப் போக்கர் தொடரின் பிரதான போட்டிக்குப் போனார். 839 பேரில் முதலிடம், 25 இலட்சம் டொலர். அந்த வெற்றிக்குப் பிறகு மூன்று வருடத்தில் அதே போட்டிக்கு வந்தவர்களின் எண்ணிக்கை 8,773 ஆக ஏறியது. அந்தக் கதை உண்மை, அழகான கதையும்கூட. ஆனால் அவரை விட்டுவிட்டு மற்ற 838 பேரின் கதையை யாரும் எழுதவில்லை.

எனக்கு அதைவிட நோர்வே நாட்டு அனெட் ஒப்ரெஸ்டாட்டின் கதை முக்கியமாகப் படுகிறது. 2007-ல் அந்தப் பெண் 180 பேர் ஆடிய ஒரு சின்ன ஒன்லைன் போட்டியைத் தன் கடதாசியைப் பார்க்காமலே ஆடி வென்றார். ஒரே ஒரு கையில் மட்டும் பார்த்ததாகச் சொன்னார். அதே வருடம் 18 வயதில் லண்டனில் நடந்த உலகப் போக்கர் தொடரின் ஐரோப்பியப் பதிப்பின் பிரதான போட்டியையும் வென்றார். கடதாசியைப் பார்க்காமல் எப்படி? யார் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறார், யாரிடம் எவ்வளவு சிப்ஸ், யார் பயந்து விடுவார், யார் விடமாட்டார் என்பதை மட்டும் வைத்து. திறமை எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். ‘ஐந்து வரும் என்று மனசு சொன்னது’ என்பதில் அது இல்லை.

அதே 2007-ல் இன்னொரு விசயமும் நடந்தது. அப்சலூட் போக்கர் என்ற தளத்தில் ஆயிரம் டொலர் போட்டி ஒன்றை ஒருவர் நம்ப முடியாத விதத்தில் வென்றார். இரண்டாவது வந்தவர் சந்தேகப்பட்டுத் தன் ஆட்டப் பதிவைக் கேட்டார். கம்பனி தவறுதலாக எல்லோருடைய மூடிய கடதாசிகளும் உள்ள முழுப் பதிவையும் அனுப்பிவிட்டது. ஆட்டக்காரர்கள் உட்கார்ந்து கை கையாக ஆராய்ந்தார்கள். வென்றவர் மற்றவர்களின் கடதாசி தெரிந்தவர் மாதிரியே ஒவ்வொரு முடிவையும் எடுத்திருந்தார். உள்ளே இருந்து பார்க்கும் வழி ஒன்று அவருக்கு இருந்தது என்பது அப்படித்தான் வெளியே வந்தது. உண்மையான நல்ல ஆட்டக்காரனின் பதிவில் பிழைகள் இருக்கும், பிழையே இல்லாத வெற்றி வரிசைதான் சந்தேகத்துக்குரியது.

இன்றைய மேசையும் பழைய மேசை இல்லை. 2017-ல் லிப்ரேட்டஸ் என்ற கணினி நிரல் பிட்ஸ்பர்க்கில் நாலு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு, ஒருவருக்கு ஒருவராக, 120,000 கை ஆடி நாலு பேரையும் தோற்கடித்தது. 2019-ல் புளூரிபஸ் ஆறு பேர் மேசையிலும் அதைச் செய்தது. அதே வகைக் கணக்கைப் போடும் மென்பொருளை இன்று ஐந்து டொலர் ஆடுகிறவனும் வைத்துப் படிக்கிறான். நான் 2006-ல் ஆடியபோது மேசைக்கு நாலு பேராவது என்ன செய்கிறோம் என்று தெரியாமல் ஆடினார்கள். அந்தக் காலம் போய்விட்டது.

இனி வேலையை விடும் விசயம். உங்கள் தம்பி உண்மையிலேயே நல்ல ஆட்டக்காரர் என்றே வைப்போம், போட்ட பணத்தில் 20 வீதம் இலாபம். ஐந்தரை டொலருக்கு ஒரு டொலர் பத்துச் சதம். மாதம் 200 போட்டி என்றால் 220 டொலர், ரூபாயில் அறுபத்தையாயிரம் அளவில், அதுவும் சராசரியாக. சில மாதம் இரண்டு மடங்கு வரும், சில மாதம் கையிலிருந்து போகும். திருக்கடலூரில் கடலுக்குப் போகிறவர்களுக்குத் தெரியும், வாடைக்காலத்துக்கு ஒதுக்கி வைக்காதவனுக்கு வலை நிறைந்த மாதம் உதவாது. சுற்றுப்போட்டிக்கு அந்த ஒதுக்கு, நுழைவுக் கட்டணத்தின் நூறு மடங்காவது இருக்க வேண்டும், சாப்பாட்டுக் காசிலிருந்து தனியாக. ஐந்தரை டொலர் ஆட்டத்துக்கே 550 டொலர். இதையே நம்பி வாழ்வதென்றால் 200 மடங்கும் அதிகம் என்று சொல்லமாட்டேன்.

அதோடு, வேலையில் இருக்கும்வரை அவருடைய ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி சம்பளத்தில் 12 வீதம் போடுகிறார், அவர் 8 வீதம் போடுகிறார். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு இன்னும் 3 வீதம். மாதா மாதம் அந்த 15 வீதம் முதலாளியிடமிருந்து வருகிறது. எந்தப் போக்கர் தளமும் அதைத் தராது. வேலைக்கான கணக்கைப் போடும்போது சம்பளத்தை மட்டும் எழுதி இதை விட்டுவிடுகிறார்கள்.

நேரத்தையும் பாருங்கள். பெரிய போட்டிகள் ஐரோப்பியப் பின்னேரத்துக்கு ஏற்ப வைக்கப்படுகின்றன. அங்கே இரவு எட்டு என்றால் இங்கே நள்ளிரவு அளவில் ஆகிவிடும். நன்றாக ஆடி முன்னேறினால் கோணேசர் கோயில் காலை மணி கேட்கும்போதுதான் முடியும். அதற்குப் பிறகு சீனன்குடாவுக்கு வேலைக்குப் போகிறார் என்றால், வெளியேறிய கைகளில் எத்தனை இரவு இரண்டு மணிக்குப் பின் என்று அவரையே எண்ணச் சொல்லுங்கள்.

பணம் இருக்கும் இடமும் கவனம். நமது நாட்டில் சூதாட்டச் சட்டம் 1889-லேயே வந்தது, 2025-ல் சூதாட்டத்தை ஒழுங்குபடுத்தப் புதிய அதிகாரசபைக்கான சட்டம் வந்தது. ஆனால் வெளிநாட்டுத் தளத்தில் பணம் சிக்கினால் இங்கே யாரிடம் போய் முறையிடுவது? 2011 ஏப்ரல் 15-ல் அமெரிக்க அரசு பெரிய தளங்களை முடக்கியபோது, ஃபுல் டில்ட் என்ற தளத்திடம் ஆட்டக்காரர்களின் பணத்தைத் திருப்பிக் கொடுக்கப் பணமே இல்லை என்பது வெளியே வந்தது. அமெரிக்க ஆட்டக்காரர்களுக்கே 2014-ல்தான் பணம் வரத் தொடங்கியது. என்னுடைய 340 டொலரும் ஒரு சின்னத் தளம் மூடியபோது அதோடு போயிற்று. கிரிப்டோ மூலம் பணம் போடலாம் என்று யாராவது சொன்னால், மத்திய வங்கி டெபிட், கிரெடிட் அட்டைகளை மெய்நிகர் நாணயக் கொடுக்கல் வாங்கலுக்குப் பயன்படுத்த அனுமதிக்கவில்லை என்பதை ஞாபகப்படுத்துங்கள். ‘ஏஜென்ட்’ ஒருவர் மூலம் தனிக் குழுவில் ஆடுகிறார் என்றால் இன்னும் கவனம். அங்கே ஒரே மேசையில் இரண்டு பேர் கூட்டுச் சேர்ந்தாலும் பிடிக்க ஆள் இல்லை.

வீட்டில் எப்படிப் பேசுவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். சூதாடி என்ற சொல்லை எடுக்காதீர்கள். எடுத்தால் அவர் கதவைச் சாத்திக்கொண்டு ஆடுவார், உங்களுக்கு எதுவும் தெரியவராது. “நீ தோத்த கை ஒண்டைக் காட்டு, ஏன் அப்படிச் செய்தனி எண்டு எனக்கு விளங்கப்படுத்து” என்று கேளுங்கள். ஆட்டத்தைப் படிக்கிறவன் சந்தோசமாகக் காட்டுவான், அரை மணிநேரம் விடமாட்டான். எல்லாம் கடதாசியின் குற்றம் என்று சொல்லி மூடினால் அவர் இன்னும் படிக்கத் தொடங்கவில்லை. கடன் வாங்குகிறார், நகை அடகுக்குப் போகிறது, சீட்டுக் காசைத் தொடுகிறார், தோற்ற இரவே அதைப் பிடிக்க இரண்டு மடங்கு ஆட்டத்துக்கு ஏறுகிறார் என்றால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், அது வேறு நிலை. தேசிய மனநல உதவி எண் 1926, எந்த நேரமும் எடுக்கலாம், தமிழிலும் பேசலாம்.

அந்த நிலை இல்லையென்றால், என் யோசனை இப்படி. வேலை இருக்கட்டும். அதே ஐந்தரை டொலர் ஆட்டத்திலேயே இன்னும் 500 போட்டி ஆடட்டும், ஒரு படி ஏறாமல். வரவு செலவை ஒவ்வொரு நாளும் எழுதட்டும். வாரத்துக்கு ஒரு தடவை, வெளியேறிய கைகளை மட்டும் எடுத்து, கடதாசி விழுந்த பகுதியைக் கையால் மறைத்துக்கொண்டு, இந்த இடத்தில் இந்தச் சிப்ஸோடு இதுவா சரியான முடிவு என்று கேட்டுப் பார்க்கட்டும். அவருக்குத் துணை வேண்டும் என்றால் ஒரு சனிக்கிழமை பின்னேரம் லாப்டொப்பை எடுத்துக்கொண்டு உவர்மலைக்கு வரச் சொல்லுங்கள். வென்ற மூன்றையும் வீட்டில் விட்டுவிட்டு, கடைசியாகத் தோற்ற இருபதைக் கொண்டுவரட்டும்.